பதினொரு பேருக்கு ஒரு பானை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவத்தில், பங்குபற்றுபவரின் பெயர் எங்கும் வெளியிடப்படமாட்டாது என்று ஒரு வரி இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். இதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது, விரும்பாவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்று வேறு வரிகளும் இருந்தன. அவையெல்லாம் போன இடம் தெரியவில்லை. பெயரைப் பற்றிய அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றுவோம் என்று பார்க்கிறேன்.

எங்கள் தாள்களில் அவர் ஒரு கதவு இலக்கம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார். நான் மிஸ் இல்லை, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனை தரம் சொல்லியும் எடுபடவில்லை. கையில் ஃபைலோடு வாசலுக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அவருக்கு மிஸ்தான்.

மானிடப் புவியியல் படித்த மூன்றாம் வருடத்தில் எங்களுக்குக் களஆய்வு முறைகள் என்றொரு பாடம் இருந்தது. வினாக்கொத்து தயாரிப்பது எப்படி, மாதிரி எடுப்பது எப்படி, நேர்காணலில் தலையாட்டாமல் இருப்பது எப்படி என்று ஒரு தவணை முழுக்க மின்விசிறிக்குக் கீழே இருந்து படித்தோம். பிறகு ஆளுக்குப் பத்துக் கதவு இலக்கங்களைக் கொடுத்து ஜிந்துப்பிட்டிக்கு அனுப்பினார்கள். எனக்கு விழுந்தது ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு சந்துக்குள்ளே சுவரோடு சுவராக நெருக்கிக் கட்டிய வீடுகள். மருந்துக்கும் ஒரு மரம் இருக்காது. வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த நான், பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற அந்த இடத்துக்கு அதுவரை ஒருநாளும் போனதில்லை. கோயில் தேருக்குக்கூடப் போனதில்லை.

எங்கள் விரிவுரையாளர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். "கேக்கிறது நீங்கள், சொல்லுறது அவையள். உங்கட கதையை அங்க அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தீங்களெண்டால் அவையள் உங்களுக்குப் பிடிச்ச மாதிரிப் பதில் சொல்லத் தொடங்கிடுவினம்." நல்ல அறிவுரைதான். அது அந்த அக்காவின் வாசலில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தது.

அவர் வாசற்படியில் இருந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். புறக்கோட்டைக் கடையொன்றுக்குத் தைக்கிற வேலை. மடியில் ஒரு சட்டை, பக்கத்தில் ஒரு மூட்டை. நிமிர்ந்தும் பார்க்காமல் உட்காரச் சொன்னார்.

"வயசு எத்தனை அக்கா?"

"நாப்பத்தாறு. உங்களுக்கு?"

சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். ஊசி நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார்.

"இருபத்திமூண்டு."

"கல்யாணம் ஆச்சா?"

"அது நான் கேக்க வேண்டிய கேள்வி அக்கா."

"கேளுங்க, சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க."

இப்படித்தான் நாற்பது கேள்விகளும் போயின. வருமானத்தைக் கேட்டால் அப்பாவின் உத்தியோகத்தைக் கேட்டார். எந்த ஊர் என்றால், தன்னுடைய தாத்தா காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்ததைச் சொல்லிவிட்டு, நீங்கள் யாழ்ப்பாணத்தில் எந்த இடம் என்றார். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று கேட்டேன். பதினொரு பேருக்கு ஒன்று என்றார். பதிலுக்கு நான், மூன்று பேருக்கு இரண்டு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் உள்ளே திரும்பி உரத்த குரலில், "ஏய், கேட்டியா? மூணு பேருக்கு ரெண்டாம்!" என்றார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அது அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. எனக்கு முகம் கொதித்தது. ஆனால் அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வியந்துதான் சொன்னார். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

இதை வம்பளப்பு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அயல்வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்களே, அவருக்குக் கேள்வியும் அப்படி. ஒன்றைக் கேட்டு வாங்கினால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போகிறவர்களைத் திருடர் என்று சொல்ல மாட்டார், ஆனால் பார்வை அப்படித்தான் இருக்கும்.

ஆளைப் பார்த்துக் கேள்வியை நிறுத்துகிற பழக்கமும் அவருக்கு இல்லை. எங்கள் பாடத்தில் ஒரு பயிற்சி இருந்தது: ஒருவரோடு ஒரு நாள் முழுக்கக் கூடவே போய், அவர் எங்கெங்கே போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று வரைபடமாக்க வேண்டும். நான் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு அவருக்குப் பொரளையில் கிளினிக். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று உள்ளே போனால், இளம் டாக்டர் தாளைப் பார்த்தபடியே சிங்களத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். அக்கா பதில் சொல்லிவிட்டு, அதே சிங்களத்தில், டாக்டரை ஐயா என்று மரியாதையாக விளித்து, "மஹத்தயாவுக்கு இருக்குதா?" என்று கேட்டார். டாக்டர் முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். தனக்கு இல்லை, தன் அம்மாவுக்கு இருந்தது என்றார். இருந்தது என்ற சொல்லை அக்கா பிடித்துக்கொண்டார். எப்போது போனார் என்று கேட்டார். வெளியே நாற்பது பேர் நிற்க, அந்த டாக்டர் செத்துப்போன தன் தாயைப் பற்றி இரண்டு நிமிடம் கதைத்தார். நான் என் தாளில் அந்த இடத்துக்கு நேரே நேரத்தை மட்டும் குறித்தேன்.

அந்தப் பயிற்சிக்கும் அவர் பதில் மரியாதை கேட்டார். "நீங்க என் வீட்டப் பாத்தீங்க, என் ஆஸ்பத்திரியப் பாத்தீங்க. நான் உங்க வீட்டப் பாக்க வேணாமா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய பட்டர் கேக்கோடு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார். நான் காலி வீதியில் நின்று கூட்டிக்கொண்டு போனேன். லிஃப்ட்டில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்து, அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். ஆர் இது என்று கண்ணாலேயே கேட்டார். அக்காவை ஹோலில் இருத்திவிட்டு, குசினிக்குள் போய்த் தேநீர் போட்டார். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று எங்கள் குசினியில் ஒரு மூலையில் இரண்டு சில்வர் குவளைகள் இருந்தன. அதில் ஒன்றில் தேநீர் வந்தது. எனக்குப் பூப் போட்ட கோப்பையில் வந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அக்கா பல்கனியை எட்டு வைத்து அளந்து பார்த்தார், கடலைப் பார்த்தார், வாடகை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பட்டும் படாமலும் பதில் சொன்னார். திரும்பி பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வருகிற நேரம் அக்கா சொன்னார்:

"உங்க அம்மா நல்லவங்க மிஸ். ஆனா என்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

குவளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இனிப் பானைக் கதைக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது.

வினாக்கொத்தின் ஏழாவது கேள்வி: இந்தக் கதவு இலக்கத்தில் எத்தனை குடித்தனங்கள் இருக்கின்றன? குடித்தனம் என்றால் என்ன என்பதற்கு எங்களுக்கு ஒரு வரைவிலக்கணம் தந்திருந்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். அடுப்பு வேறானால் குடித்தனம் வேறு. உலகம் முழுக்க இப்படித்தான் கணக்கெடுப்பார்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். உறவுமுறையைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அடுப்புப் பொய் சொல்லாது என்றார்.

நாங்கள் களத்துக்குப் போனது நாட்டில் காஸ் இல்லாமல் போன மாதங்களில். சிலிண்டருக்கு ஊரே தெருவில் வரிசையில் கிடந்தது. அக்காவின் கணவர் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர். அவர் அங்கே உடைந்துபோகிற பெட்டிப் பலகைகளைக் கட்டித் தோளில் கொண்டுவருவார். அந்தப் பலகையை எரித்து, வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, ஒரு பெரிய பானையில் எல்லோருக்குமாகச் சோறு பொங்கினார்கள். அக்கா, கணவர், இளைய மகள் என்று மூன்று பேர். நாத்தனார், அவருடைய கணவர், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர். மூத்த மகன், அவன் மனைவி, கைக்குழந்தை என்று இன்னும் மூன்று. பதினொரு பேருக்கு ஒரு பானை.

"இஞ்ச எல்லாரும் ஒண்டாத்தானா அக்கா சமைக்கிறனீங்கள்?"

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "பின்ன? எங்க வீட்டுல ஒரே பானைதான் மிஸ். எழுதிக்குங்க." நாத்தனாரும் அப்போது பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். "உங்க வீட்டுல எப்படி?" என்று அக்கா கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா எட்டு மணிக்குச் சாப்பிடுவார், அம்மா நாடகம் முடியச் சாப்பிடுவார், நான் அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடுவேன். "நாங்களும் ஒண்டாத்தான்" என்றேன்.

ஆனால் உள்ளே போனபோது பார்த்தேன். கீழே ஒரு காஸ் அடுப்பு. ஏணிப்படி ஏறினால் மேலே நாத்தனாரின் பக்கத்தில் ஒன்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் மகனின் அறையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெறும் சிலிண்டர், அதன் மேல் தூசி. காஸ் இருந்த காலத்தில் அந்த வீட்டில் மூன்று அடுப்பு எரிந்திருக்கிறது. இதைச் சின்னப்பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். நான் வெளியே வந்து விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். அவர், "இண்டைக்கு என்ன நடக்குதோ அதை எழுதும். போன வருசம் என்ன நடந்தது எண்டதைக் குறிப்புப் பெட்டியில எழுதும்" என்றார்.

குறிப்புப் பெட்டி என்பது ஒவ்வொரு தாளின் அடியிலும் இருந்த நான்கு வரி வெற்றிடம். எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. மழை வரப் பார்த்தது. பிறகு எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு, ஏழாவது கேள்விக்கு ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டேன். பிறகு எழுதவேயில்லை. என்னுடைய தாள்கள்தான் வகுப்பிலேயே சுத்தமானவை என்று விரிவுரையாளர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

அந்தத் தோட்டங்களுக்குள் போவதற்கு எங்களுக்கு அனுமதி தந்தது நகரத்து வீடுகளைப் பார்க்கிற ஓர் அரச அலுவலகம். அனுமதி தந்ததற்கு மரியாதையாக எங்கள் அறிக்கையின் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பினார்கள். பின்னிணைப்பாக எல்லா விபரங்களும் போயின. பெயர்கள் இல்லை. வாக்குத் தவறவில்லை. கதவு இலக்கங்கள் இருந்தன.

எங்கள் மாதிரியில் இருந்த வீடுகளில், படிவத்தின் அடியில் இருந்த என் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசிய ஒரே ஆள் அந்த அக்காதான். பரீட்சை எப்படி என்று கேட்க எடுப்பார். தீபாவளிக்கு எடுப்பார். தான் சொன்னதையெல்லாம் வைத்து என்ன எழுதினீர்கள் என்று கேட்பார். அது நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்வேன். இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் எடுத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"மிஸ், எங்கள எழுப்பப் போறாங்க. மாடி வீடு தாறாங்களாம், குடித்தனத்துக்கு ஒண்ணு. அவங்க ஆளுங்க வந்து அடுப்ப எண்ணி மூணுன்னுதான் எழுதிட்டுப் போனாங்க. இப்ப ஆபீசுல, யுனிவர்சிட்டி எழுதுனதுல ஒண்ணுன்னு இருக்காம். வீடு கூட வாங்கப் பொய் சொல்றீங்களான்னு கேக்குறாங்க. விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அது நீங்க எழுதுனதா?"

அப்போதும் கேள்விதான் கேட்டார். குற்றம் சொல்லவில்லை. நான், "எனக்குச் சரியாத் தெரியாது அக்கா, விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன். போனை வைத்துவிட்டு விரிவுரையாளரிடம் போனேன்.

விரிவுரையாளர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு கடிதம் எழுதித் தந்தார். எங்கள் ஆய்வு கற்றலுக்கானது, வீடு பகிர்வதற்கு அதைப் பயன்படுத்துவது பொருத்தமில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மாணவர்கள் நன்கு பயிற்றப்பட்டவர்கள், கண்டது அனைத்தையும் முறையாகப் பதிவுசெய்தவர்கள். அது துறையின் மானத்துக்காக எழுதிய வரி. கடிதத்தைக் கையில் தரும்போது, "உதவி விரிவுரையாளர் நேர்முகம் அடுத்த கிழமை. மறந்துடாதையும்" என்றார்.

விசாரணையில் அந்த மேசைக்கு முன்னால் மூன்று கதிரைகள். நடுவில் அக்கா, ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் நான். அது உண்மையில் நாத்தனாரின் தாய் தகப்பன் இருந்த வீடு. அவர் பிறந்ததும் அங்கேதான். ஆனால் கதவு இலக்கம் அண்ணன் பெயரில், அதாவது அக்காவின் கணவர் பெயரில் இருந்தது. குடித்தனம் ஒன்று என்று முடிவானால் வீடு அவருக்குத்தான் போகும். நாத்தனாருக்கும் மகனுக்கும் தெருதான். இது மூன்று பேருக்கும் தெரியும்.

அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு என்னுடைய தாளை எடுத்தார். என் கையெழுத்து எனக்கு நேரே கிடந்தது. பார்த்ததைத்தான் எழுதினீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். அன்றைக்கு ஒரே பானையில்தான் சமைத்தார்கள் என்றேன். வேறு அடுப்புகள் இருந்தனவா, குறிப்புப் பெட்டியில் ஒன்றுமில்லையே என்றார். கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டுதான் கேட்டார். ஆம், மூன்று அடுப்பும் மூன்று சிலிண்டரும் இருந்தன, நான் பார்த்தேன், எழுதவில்லை என்று சொன்னால் போதும். இரண்டு குடும்பத்துக்கு வீடு கிடைத்திருக்கும். எனக்கு அந்த நேர்முகம் கிடைத்திருக்காது. அவ்வளவுதான் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மூன்று சிலிண்டரை மறைத்தேன்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். இந்தப் பிள்ளை பிழையாக எழுதிவிட்டதா, நீங்கள் தனித்தனியாகத்தான் இருந்தீர்களா என்று கேட்டார். அவருக்கும் எப்படியாவது முடித்தால் சரி என்றிருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மறுபடி வந்து பார்க்கச் சம்மதித்திருப்பார். அக்கா நாத்தனாரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் சொன்னதத்தான் அந்தப் புள்ள எழுதிச்சு. நாங்க ஒரே பானைதான்."

நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்தது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வினாக்கொத்துத் தயாரிப்பது எப்படி என்று படிப்பிக்கத் தொடங்கினேன். குடித்தனம் என்ற பாடம் வருகிற நாட்களில் வரைவிலக்கணத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்வேன். போன வைகாசியில், பொறுக்க முடியாமல், அவருக்குக் கிடைத்த மாடி வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

அவர் கதவைத் திறந்து, "வாங்க மிஸ்" என்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. பொத்தான் மூட்டை ஜன்னலுக்குக் கீழே இருந்தது. இரண்டு அறை வீட்டில் மூன்று பேர். மகன் மனைவியின் ஆட்களோடு ஹட்டன் பக்கம் போய்விட்டானாம். உட்கார்ந்ததும் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். மூன்று சிலிண்டரையும் அன்றைக்கே பார்த்தேன், அந்த மேசைக்கு முன்னால் பொய் சொன்னேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "நீங்க பாத்தத நான் பாத்தேன்."

"பிறகேன் அக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"உங்களுக்காகன்னு நெனச்சீங்களா?" கொஞ்சம் சிரித்தார். "நானும் அவளும் ஆறு வருசம் பேசல மிஸ். ஒரே வீட்டுல மேலயும் கீழயும் இருந்துகிட்டு. காஸ் இல்லாமப் போனப்பதான் அவளா இறங்கி வந்து, அண்ணி, அரிசியச் சேத்தே போடவான்னு கேட்டா. அப்புறம் காஸ் வந்துச்சு, ஆனா நாங்க பிரிக்கல. அந்த மனுசன் கேக்குறப்ப அவ பக்கத்துல இருக்கா. அவ முகத்துக்கு நேரா, நாங்க வேற வேறன்னு நான் எந்த வாயால சொல்ல?"

அவர் சட்டையை மடியில் இழுத்துப் போட்டு ஒரு பொத்தானை வைத்துத் தைத்தார்.

"அவ என்ன நெனச்சிட்டான்னா, வீடு எங்க பேருக்கே வரட்டும்னு நான் சொல்லிட்டேனாம். அன்னைக்கே சாமானக் கட்டிட்டா. அண்ணன் கூப்பிட்டாலும் போன் எடுக்குறதில்ல. முதல்ல வத்தளைப் பக்கம்னு சொன்னாங்க. அங்கயும் இல்லியாம்."

கீழே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கதான் வீடு வீடாப் போய் எழுதுறீங்களே மிஸ். எங்கயாச்சும் அவளப் பாத்தா சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். இந்த வருடமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்குளி, முகத்துவாரம் என்று தோட்டம் தோட்டமாகப் போனோம். அவர்கள் வாசலில் நின்று கேள்வி கேட்கும்போது நான் அவர்களுக்குப் பின்னால் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறேன், வெங்காயம் உரிக்கிற ஒரு பெண் தெரிகிறாரா என்று. சாயந்தரம் அக்கா போன் எடுத்து, இன்றைக்கு எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்பார். போன தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். இல்லை அக்கா, இன்றைக்கும் இல்லை என்பேன்.